ரோசாலியின் முப்பது முட்டை

"ஹலோ... ஹலோ... சின்னப்பாப்பாவா? ... நான்தான்டி, அக்கா. ... அக்காடி! முத்தியால்பேட்டையிலேர்ந்து! ... என்னா அது, ஒரே ஹாரன் சத்தம்? ... ஆங்... ஆங்... கடலூர் பஸ்ஸா? போவட்டும், இரு. ... போயிடுச்சா? இப்ப கேக்குதா? ... சரி, கடைக்கு உள்ள தள்ளி நில்லு. ரகசியமா ஒண்ணு சொல்லணும்."

பாக்கியலட்சுமிக்கு ரகசியக் குரல் என்று தனியாக ஒன்று கிடையாது. சாதாரணமாகப் பேசினால் இரண்டு வீட்டுக்குக் கேட்கும். ரகசியமாகப் பேசினால் ஒன்றரை வீட்டுக்குக் கேட்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அவள் வீட்டு டெலிபோன் வேறு சமையலறை ஜன்னலோரம் இருந்தது. முதலில் கூடத்தில்தான் வைத்தார்கள். போன ஆவணியில் பக்கத்து வீட்டுக்கு ரோசாலி குடிவந்த பிறகு, கூடத்தில் சரியாகக் காது கேட்கவில்லை என்று சொல்லி ஒயரை இழுத்து இங்கே கொண்டு வந்தவள் இவள்தான். காது கேட்பதற்கும், ரோசாலியின் அடுப்படியும் கொல்லையும் தெரிகிற ஜன்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் வீட்டுக்காரர் விஜயராகவன் கேட்கவில்லை. மனுஷனுக்கு நிம்மதி முக்கியம்.

இப்போதும் பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டாள். ரோசாலி வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

"... இல்லடி, கார்குழலிக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கா. நல்லா இருக்கான்னும் சொல்ல முடியாது. ... ஏழாம் மாசம் முடியப்போவுது. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, எட்டரைதான் இருக்குதாம். டாக்டரம்மா என்னைப் புடிச்சித் திட்டுது, பொண்ணுக்கு சோறு போடறியா இல்லியான்னு. ... ஆமா... ஆமா... கீரை குடுக்கறேன், பேரீச்சம்பழம் குடுக்கறேன், எல்லாம் குடுக்கறேன்டி. தெனம் ரெண்டு முட்டை குடுத்தே ஆவணும்னு சொல்லிட்டாங்க. அதுக்குத்தான் உனக்குப் போன் பண்றேன். நாட்டுக்கோழி முட்டை இருபது வேணும். நாளைக்கே வேணும். நீயே உன் கையால பாத்து எடுத்து, அசலா குடுத்தனுப்பு. ... அசல்டி! சாயம் போடாதது!"

"... கடை முட்டையா? அதான் ஆவலியே. வாயில வெச்சதும் வாந்தி. கவுச்சி அடிக்குதாம். ... நாட்டு முட்டைன்னா ஒண்ணும் பண்ணல, கம்முனு சாப்புடறா. ... அப்புறம் அந்தக் கோழிக் காய்ச்சல் வேற. வயித்துப்புள்ளக்காரிக்கு எந்த தைரியத்துல பண்ணை முட்டைய குடுக்கறது?"

மாசி மாதம் வடக்கே எங்கேயோ கோழிகளுக்குக் காய்ச்சல் வந்து, லட்சக்கணக்கில் கொன்று புதைத்ததை டி.வி.யில் காட்டினார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. முத்தியால்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் கலியமூர்த்தி, தினமும் காலையில் முட்டை விலையைச் சாக்பீஸால் ஒரு சிலேட்டில் எழுதி வாசலில் மாட்டுவான். இரண்டு ரூபாய் என்றிருந்தது ஒன்று எழுபதாகி, ஒன்று முப்பதாகி, பங்குனியில் ஒரு ரூபாயில் வந்து நின்றது. இரண்டு ரூபாய் விற்றபோது கொள்ளையடிக்கிறான் என்று திட்டிக்கொண்டே டஜன் டஜனாக வாங்கிய ஜனங்கள், ஒரு ரூபாய் என்றதும் சிலேட்டைப் படித்துவிட்டு எதிர்ச்சாரியில் நடந்தார்கள். இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறான் என்றால் சும்மாவா கொடுப்பான்? பாக்கியலட்சுமிதான் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவள். அவள் புளி மலிந்தாலும் கேட்பாள்.

"... இன்னிக்கா? அத ஏன் கேக்கற! இன்னிக்கி சிலேட்டுல ஒண்ணு நாப்பது. திடீர்னு நாப்பது காசு ஏத்திட்டான். நேத்து வருஷப்பொறப்பு, ஒருத்தரும் முட்டை தொடல. இன்னிக்கி காலையில பாத்தா கடை வாசல்ல கூட்டம், கூட்டம், அப்பிடி ஒரு கூட்டம். ... ஏனா? விலை ஏறிடுச்சி இல்ல, அப்ப நோய் போயிடுச்சின்னு அர்த்தமாம்! ... ஆமாடி, அதான் இந்த ஊரு புத்தி. ஒரு ரூபான்னா விஷம், ஒண்ணு நாப்பதுன்னா மருந்து. நான் சொல்லிட்டேன் அவன்கிட்டயே, நீ பதுக்கி வெச்சிதான் ஏத்தறேன்னு. ... சிரிக்கிறான். சிரிச்சா போதுமா?"

"... பக்கத்து வீட்டு முட்டையா? ... ஆமா, அவதான் குடுத்துக்கினு இருந்தா. ... ரோசாலிதான். ... வாங்கல. ரெண்டு நாளா வாங்கல. ... ஐயோ, அது பெரிய கதைடி. அதுக்குத்தான் ரகசியம்னு சொன்னேன். உக்காந்துக்கோ."

ரோசாலி கடற்கரைப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு மதாம் வீட்டில் இருபது வருஷம் சமையல் வேலை பார்த்தவள். மதாம் ஒருநாள் வீட்டை விற்றுவிட்டு பிரான்சுக்குப் போய்விட்டாள். ரோசாலி முத்தியால்பேட்டையில் ஒற்றை அறை பிடித்துக்கொண்டு, கையில் இருந்த பணத்துக்கு ஆறு நாட்டுக்கோழி வாங்கி வளர்த்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. முட்டை நான்கு ரூபாய். அவள் பிழைப்பு அதில்தான் ஓடியது. கார்குழலி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து, தினமும் காலையில் சூடு ஆறாத இரண்டு முட்டையை மதில் மேல் வைத்துவிட்டு, அக்கா என்று ஒரு குரல் கொடுப்பாள். பாக்கியலட்சுமியும் சும்மா இல்லை. பொங்கலுக்குத் தன் மாம்பழ நிறப் புடவை ஒன்றை, ரொம்பப் பழசு என்று சொல்லமுடியாத புடவை, அவளுக்குக் கொடுத்திருந்தாள்.

"... கேளு. புதன்கெழம காலையில கலியமூர்த்தி கடையில நிக்கிறேன். இவ வரா. ஒரு அட்டை முட்டை வாங்கறா. முப்பது முட்டைடி! வெள்ளை முட்டை! ... அதான் நானும் கேக்கறேன். வீட்ல ஆறு கோழி முட்டை போடுது, இவளுக்கு எதுக்கு ஒரு ரூபா முட்டை? ... நான் வாயத் தொறக்கல. கேட்டா உஷாராயிடுவா இல்ல? ... ஆமா... ஆமா... மறுநாள், வியாழக்கெழம, சாயங்காலம், இதே ஜன்னல்லதான் நிக்கிறேன். ... எதார்த்தமாத்தான்டி நின்னேன்! பாலு பொங்குதான்னு பாக்க வந்தேன். இவ அடுப்புல பெரிய குண்டான வெச்சிருக்கா. உள்ள தண்ணி, டீ டிக்காஷன் மாதிரி கருஞ்செவப்பா. அந்த வெள்ளை முட்டைய ஒவ்வொண்ணா, துணியில எதையோ வெச்சி கட்டி, உள்ள எறக்கறா. ... இரு, இரு, கேளு. அர மணி நேரம் கழிச்சி எடுக்கறா பாரு... செவப்பு! அப்பிடியே நாட்டுக்கோழி முட்டை கலரு!"

"... பின்ன? ஒரு ரூபா முட்டைக்கு சாயம் போட்டு நாலு ரூபான்னு என் தலையில கட்டிக்கினு இருந்திருக்கா! இத்தினி நாளா! அக்கா, அக்கான்னு சொல்லிக்கினே!"

அந்த இடத்தில் பாக்கியலட்சுமி நிஜமாகவே மூக்கைச் சிந்தினாள். ஏமாந்தோமே என்பதுகூடப் பெரிதில்லை. பிள்ளைத்தாய்ச்சி பெண்ணின் வயிற்றுக்குள் என்ன போயிருக்கிறதோ என்ற பயம் இரண்டு நாளாக அவளைத் தூங்கவிடவில்லை.

"... யாருகிட்ட சொன்னேனா? ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ... அஞ்சலாட்சிகிட்ட மட்டும்தான் சொன்னேன். ... ஆமா, கோடி வீட்டு அஞ்சலாட்சிதான். ... தெரியும்டி, அவ வாயி எனக்குத் தெரியாதா? யாருகிட்டயும் சொல்லாதடின்னு சத்தியம் வாங்கிக்கினுதான் சொன்னேன். ... ம்... ம்... அவ தெரு முழுக்க சொல்லிட்டா. நான் சொன்னது சாயம் போடறான்னு. அது அந்தக் கோடிக்குப் போய் திரும்பி வரசொல்ல, ரோசாலி கோழிக்கு சீக்கு வந்துடுச்சி, முட்டை போடறது நின்னுப் போச்சி, அதான் கடை முட்டைக்கு சாயம் போடறான்னு ஆயிடுச்சி. ... நான் சொல்லல! சீக்குன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல! ... சொல்லியிருந்தாலும் தப்பா? இருந்தாலும் இருக்கும் இல்ல?"

"... அப்புறம் என்னா, நேத்து இவ பெரிய வெள்ளின்னு காலையிலயே மாதா கோயிலுக்குப் போயிட்டா. சாயங்காலம் வந்து பாக்கறா, வாசப்படி முழுக்க முட்டை. தெருவுல வாங்கினவங்க எல்லாரும் கொண்டாந்து திருப்பி வெச்சிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தன் முனிசிபாலிட்டிக்கு போன் பண்ணப் போறேன், வந்து கோழிய எல்லாம் புடிச்சி கழுத்த திருவி குழியில போடட்டும்னு அவ காதுபடவே கத்தறான். ... யாருன்னு தெரியல, இருட்டு. ... அவளா? ஒண்ணும் பேசல. அந்த முட்டைய எல்லாம் முந்தானையில பொறுக்கிக்கினு உள்ள போயிட்டா. ... எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சி. ஆனா தப்பு செஞ்சவதானே பேசாம போவா?"

"... நான் திருப்பித் தரலியே! நான் என்னா அவ்ளோ மடச்சியா? வீட்டு செலவுக்குன்னு சேத்து வாங்கி மிச்சம் இருந்த ஆறு முட்டையையும் அரிசி டின்னுக்குள்ள பொதைச்சி வெச்சிருக்கேன். ... எதுக்கா? சாட்சிடி! நாளைக்கி முனிசிபாலிட்டிக்காரன் வந்து கேட்டா காட்ட வேணாமா? ... அவ இல்லன்னு சாதிச்சா? அதுக்குத்தான்."

தவளக்குப்பத்திலிருந்து சின்னப்பாப்பா ஏதோ கேட்டாள். அவள் ஜங்ஷனில் காய்கறிக் கடை போட்டு, பஸ் இரைச்சலுக்கு நடுவில் இருபது வருஷமாக வியாபாரம் செய்கிறவள். கூடைக்குள் கையை விட்டாலே எது சொத்தை என்று தெரிந்துவிடும். அவள் கேட்டது பாக்கியலட்சுமிக்கு உடனே பிடிபடவில்லை.

"... என்னா? ... ஆமா, அடுப்புலதான் கொதிச்சிது. தளதளன்னு கொதிச்சிது. ... அர மணி நேரம் இருக்கும். ... ஆமா, முட்டை உள்ளதான் இருந்துச்சி. ... வெந்துடுமா? ... வெந்துடும்தான். முட்டைன்னா வேவாதா? ... ... ..."

"... இல்ல, புரியுது, புரியுது. வெந்த முட்டைய எப்பிடி பச்சை முட்டைன்னு விப்பான்னு கேக்கற. ... லேசா கொதிக்க வெச்சிருப்பா. ... அது எனக்கு எப்பிடிடி தெரியும்? இருபது வருஷம் மதாம் வீட்ல சமைச்சவ, வெள்ளைக்காரங்க வித்தை ஏதாவது இருக்கும். ... ஒடைச்சி பாக்கல. சாட்சிய யாராவது ஒடைப்பாங்களா? ... இப்பவேவா? ... கத்தாதடி! காது வலிக்குது. சரி, இரு. போன கீழ வெக்கறேன், கட் பண்ணிடாத."

ரிசீவரை ஜன்னல் திட்டில் படுக்கவைத்துவிட்டு, அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு முட்டையை எடுத்தாள். முதலில் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தாள். அப்புறம் நகத்தால் சுரண்டினாள். எச்சிலைக்கூடத் தொட்டுப் பார்த்தாள். துணியில் ஒரு பொட்டு நிறம் ஒட்டவில்லை. டம்ளர் விளிம்பில் தட்டி உடைத்து ஊற்றினாள்.

"... ஹலோ... இருக்கியா? ... ஒடைச்சிட்டேன். ... பச்சையாத்தான் இருக்குது. ... கருவா? கரு... நல்லாத்தான்... நல்லா செவசெவன்னு இருக்குது. நாட்டு முட்டைதான். ... இது ஒண்ணு அசலா இருக்கலாம் இல்ல? கலந்து குடுத்திருப்பா! ... ... ஆமா. ... இல்ல, கார்குழலி ஒருநாளும் வாந்தி எடுக்கல. இவ முட்டைய வெச்சப்பல்லாம் கம்முனு சாப்புட்டா. ... ஆமாடி, பண்ணை முட்டையா இருந்தா அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்தான். ... அப்ப அந்த முப்பது முட்டை எதுக்கு? அத சொல்லு பாக்கலாம். ... உனக்கும் தெரியல இல்ல? பேசாம இரு."

பேசாம இரு என்று சொன்னாளே தவிர, அவள் குரலில் இருந்த காரம் பாதி இறங்கிவிட்டிருந்தது. டம்ளருக்குள் அந்த மஞ்சள் கரு முழுசாக, உருண்டையாக அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அதன்மேல் ஒரு தட்டைப் போட்டு மூடினாள்.

"... சரி, அத விடு. என் விஷயத்துக்கு வா. எனக்கு இருபது நாட்டு முட்டை. ... இருக்குதா? ... கோழியே இருக்குதா? எப்ப வாங்கின? சொல்லவே இல்ல! ... இன்னிக்கி காலையிலயா? ... ஆறு கோழியா! ... எவ்ளோ? ... அறுபதா? ஒரு கோழி அறுபது ரூபாதானா? ... ஏன்டி, உனக்கு மூளை இருக்குதா? நூத்தம்பது விக்கிற கோழிய ஒருத்தி அறுபதுக்குக் குடுத்துட்டுப் போறான்னா என்னா அர்த்தம்? சீக்குக் கோழிடி! இந்த நேரத்துல எவளாவது கோழி வாங்குவாளா? ... நீ பாத்தா தெரியுமா? நீ என்னா டாக்டரா? எவ அவ? எந்த ஊருக்காரி?"

"... தெரியாதா? ... கேட்டா சொல்லலியா? அதான் சொன்னேன்! திருட்டுக் கோழி, இல்லன்னா சீக்குக் கோழி. ... என்னா, கூடையிலயே முட்டை போட்டுச்சா? ... அங்கயே? பேரம் பேசசொல்லவே? ... என்னா கலரு? ... செவப்பா... ... ... ஆமா, முட்டை போடற கோழிக்கு சீக்கு இருக்காதுதான்."

"... அழுதாளா? ... யாரு, கோழி விக்க வந்தவளா? ... எதுக்கு? ... ... சின்னப்பாப்பா, அதுல ஒரு கோழிக்கு கழுத்துல எறகே இல்லாம மொழுக்குனு இருக்குமா? ... ... இல்ல, சும்மாத்தான் கேட்டேன். ... கால எதுல கட்டியிருந்தா? ... துணியிலயா? ... என்னா துணி? ... பொடவைக் கிழிசலா... என்னா கலருடி? ... ..."

மாம்பழ நிறம்.

பாக்கியலட்சுமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரோசாலியின் கொல்லையில் கோழி மூடும் பஞ்சாரம் வெறுமையாகச் சாய்ந்து கிடந்தது. காலையிலிருந்து ஒரு கொக்கரிப்பு இல்லை. அதையும் இவள் கவனித்துத்தான் இருந்தாள். கோழியெல்லாம் செத்து, ராவோடு ராவாகப் புதைத்துவிட்டாள் என்று மனசுக்குள் முடிவு கட்டி, கொல்லையில் எங்கே மண் புதுசாக இருக்கிறது என்றுகூடத் தேடியிருந்தாள். முனிசிபாலிட்டிக்காரன் வந்து கழுத்தைத் திருகுவதற்குள் எங்கேயாவது உயிரோடு இருக்கட்டும் என்று ஒருத்தி விடியற்காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு தவளக்குப்பம் வரைக்கும் போயிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது தோன்றியது.

"... இருக்கேன், இருக்கேன். லைன்லதான் இருக்கேன். ... ஒண்ணும் இல்ல. ... தலை சுத்துது. ... ஆமா, எனக்குத் தெரிஞ்சவதான். ... அவதான்டி. ரோசாலி. ... திட்டு, நல்லா திட்டு. ... நான் வேணும்னா செஞ்சேன்? கண்ணால பாத்தேன்டி! முப்பது முட்டை, சாயத் தண்ணி, என் ரெண்டு கண்ணால... இரு, இரு. யாரோ கூப்புடறாங்க. ... ஐயோ. அவதான். அவதான் வரா. வெச்சிடாதடி, லைன்லயே இரு, உனக்குப் புண்ணியமா போவும்."

கோயிலுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடு ரோசாலி சமையலறை வாசலில் நின்றாள். இடுப்பில் ஒரு கூடை, மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. கண் இமை இரண்டும் வீங்கியிருந்தன. அவள் எப்போதுமே மெல்லப் பேசுகிறவள். தவளக்குப்பத்திலிருந்து காதை எவ்வளவு தீட்டி வைத்தாலும் அவள் பேச்சு கேட்டிருக்காது.

"வா ரோசாலி... வா, வா. ... தங்கச்சிதான், தவளக்குப்பத்துலேர்ந்து. ... இல்ல, முக்கியமா ஒண்ணும் பேசல, சும்மாத்தான். ... என்னா இது? ... எனக்கா? ... கார்குழலிக்கா? ... எதுக்கு இதெல்லாம்..."

ரோசாலி துண்டை எடுத்தாள். கூடை நிறைய முட்டை, செங்கல் நிறத்தில். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கொத்தமல்லி இலை, அதன் ஒவ்வொரு பல்லும் தெரிய, வெள்ளையாகப் பதிந்திருந்தது. இலையை முட்டைமேல் ஒட்டவைத்துத் துணியால் கட்டி வேகவைத்தால், இலை இருந்த இடத்தில் மட்டும் நிறம் ஏறாது. பாக்கியலட்சுமி தன் ஆயுளில் அப்படி ஒரு முட்டையைப் பார்த்ததில்லை.

"... ஹலோ... சின்னப்பாப்பா... அந்த முட்டைடி. ... வெங்காயத் தோலாம். வெங்காயத் தோலு போட்டு வேவ வெச்சதாம். நாளைக்கி ஈஸ்டராம். ... ஆமா, நம்ம ஊருல கேக்குதான் குடுப்பாங்க, நானும் அதத்தான்டி பாத்திருக்கேன். இது மதாம் வீட்டுப் பழக்கமாம். வெள்ளை முட்டையிலதான் எலை நல்லா விழுமாம். ... என்னா ரோசாலி? ... ... இந்த வருஷம் முட்டை ஒரு ரூபாய்க்கு வந்துதாம்டி. அதனாலதான் இவளால முடிஞ்சுதாம். நம்ம தெருவுல முப்பது வீடு இருக்குதாம், எண்ணினாளாம். வீட்டுக்கு ஒண்ணுன்னு..."

கூடையைக் கண்ணால் எண்ணினாள். எண்ணி முடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"ரோசாலி, முப்பதும் இங்கயே இருக்குதே. எல்லாத்தையும் ஏன் எனக்குக் கொண்டாந்த? ... ... ..."

ரோசாலி பதில் சொன்னாள். இரண்டே வரிதான். சொல்லிவிட்டுக் கூடையை மேடைமேல், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள். உள் அறையிலிருந்து கார்குழலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அஞ்சலாட்சியிடம் போய்ச் சொல்லாதே அம்மா என்று வியாழக்கிழமையே தலைதலையாய் அடித்துக்கொண்டவள். இப்போது அம்மா முகத்தையே பார்த்தாள்.

"... கேக்குதாடி உனக்கு? ... கேக்கலியா? ... தெருவுல எல்லாரும் முட்டைய திருப்பிக் குடுத்துட்டாங்களாம். நான் ஒருத்திதான் குடுக்கலியாம். என் ஒருத்திக்குத்தான் அவமேல நம்பிக்கையாம். அதனால... அதனால எல்லா முட்டையும் எனக்கே குடுக்கறாளாம். ... ... தெரியும்டி. எனக்குத் தெரியாதா, அது எதுக்கு டின்னுக்குள்ள இருந்துச்சின்னு? சும்மா இரு. ... சொல்லாத. நீயும் குத்தாத."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ரோசாலி பதறிப்போய், தன் வெள்ளைப் புடவை முந்தானையால் அதைத் துடைக்க வந்தாள். பாக்கியலட்சுமி அவள் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"... சின்னப்பாப்பா, அந்த ஆறு கோழியும் இருக்குதா? ... வித்துடாத. ஒண்ணு கூட வித்துடாத. கழுத்துல எறகு இல்லாதது இருக்குது பாரு, அதுவும் வேணும். நாளைக்கி மொத பஸ்ஸுல நான் வரேன். ... என்னாது, நூத்திருவதா? காலையில அறுபதுக்குதானே வாங்கின? ... அதுக்குள்ள விலை ஏறிடுச்சா? சாயங்காலம் ஆவறதுக்குள்ளயா? நீ என் கூடப் பொறந்தவதானா? ... சொந்த அக்காகிட்டயே லாபம் பாக்கறியா... சரி. சரி. குடுக்கறேன். நூத்திருவதே குடுக்கறேன். நீ கேட்டத குடுத்துட்டு வாங்கிக்கினு வரேன். எனக்கு அது வேணும்."

கோழி என்ற சொல் காதில் விழுந்ததும் ரோசாலி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நிமிஷம் அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் ஏதோ யோசித்தவளாக, மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். கேள்வி சின்னது. இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்று அக்காவுக்குத் தெரியுமா, அதைத்தான் கேட்டாள்.

அஞ்சலாட்சி என்ற பெயர் பாக்கியலட்சுமியின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் பொய்யும் ஆகாது. தெரு முழுக்கப் பரப்பியவள் அவள்தான். ரோசாலியும் நம்புவாள். இந்தத் தெருவில் அவள் நம்புகிற ஆள் இனி ஒருத்திதான் மிச்சம். நிலைப்படியில் கார்குழலி இன்னும் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"... வெக்கறேன்டி. ... இல்ல, அப்புறம் பேசறேன். இவகிட்ட ஒண்ணு சொல்லணும். ... ஆமா, அதத்தான். ... நீ சொல்லிக் குடுக்க வேணாம், எனக்கு வாயி இருக்குது. இத்தினி நாளு தேவையில்லாததுக்கு எல்லாம் இருந்துச்சி இல்ல? ... திட்டட்டும். கூடையத் தூக்கிக்கினு போனாலும் போவட்டும். ... வெய்யி போன. ... ரோசாலி, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு. கார்குழலி, நீயும் வா. ரோசாலி, வியாழக்கெழம சாயங்காலம் இந்த ஜன்னல்ல நான்தான்..."

ரிசீவரை வைத்துவிட்டாள்.